மேசை பழையது, பந்தி புதியது

பத்துப் பேர் வருகிறார்கள். ஒருவரை ஒருவர் அறியார். ஊர் வேறு, பேர் வேறு, தொழில் வேறு. பல வேளைகளில் நிறமும் வேறு. ஆயினும் ஒரே மேசை, ஒரே சமையல், ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்து உண்ணும் ஒரே பந்தி! உண்டு எழும்போது முகம் மலர்ந்து விடைபெறுகிறார்கள். அயலாராய் வந்தவர்கள் ஒரு நண்பகல் நேரம் குடும்பமாய் இருந்து போனார்கள் என்று ஊர் சொல்லுகிறது, ஏடு எழுதுகிறது.

கேட்கும்போதே இனிக்கிறதல்லவா? நமக்கும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால், இனிக்கிறதே என்று விழுங்கிவிடத் திறனாய்வாளனுக்கு உரிமை கிடையாது. நாவில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதில் கலந்தவை யாவை, கலக்காமல் மறைத்தவை யாவை என்று கேட்க வேண்டும். அந்த வேலையைத்தான் இங்கே மேற்கொள்கிறோம்.

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தின் துறைமுக நகரம் சவன்னா. அந்நகரின் ஜோன்ஸ் தெருவில் ஓர் உணவுச்சாலை. மிசஸ் வில்க்ஸ் உணவுக்கூடம் என்று பெயர். செமா வில்க்ஸ் என்னும் அம்மையார் 1943ஆம் ஆண்டு முதல் நடத்தியது. 2002இல் அவர் மறைந்த பின்னும் அவர் குடும்பத்தாரின் பொறுப்பில் நடந்து வருவது. முன்பதிவு கிடையாது. காலையிலேயே தெருவோரத்தில் வரிசை நிற்கத் தொடங்கிவிடும். கதவு திறந்ததும், வரிசையில் வந்தபடியே, மேசைக்குப் பத்துப் பேராக அமர வேண்டும். உடன் வந்தவர் இருவராயின், மற்ற எண்மர் யார் என்பதை முடிவு செய்வது வரிசையே.

மேசையின் நடுவே கிண்ணங்கள் நிறைந்திருக்கும். வறுத்த கோழி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மக்காச்சோள ரொட்டி, வேகவைத்த கீரை, தட்டைப்பயறு, வெண்டைக்காய், தக்காளியில் வெந்த செந்நிறச் சோறு. தட்டுத்தட்டாய்ப் பரிமாற ஆள் வருவதில்லை. தாமே எடுத்துக்கொண்டு, கிண்ணத்தை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். உண்டு முடித்தபின் தம் தட்டைத் தாமே சமையற்கட்டில் கொண்டுபோய் வைப்பதும் அங்குள்ள வழக்கம். இந்தக் கடைசி வழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். முடிவில் அதனிடம் திரும்பி வருவோம்.

புகழ் பெற்ற மேசை அது. 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மரபு உணவகங்களுக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது அதற்குக் கிடைத்தது. 2010ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், குடியரசுத் தலைவராய் இருந்த பராக் ஒபாமா அங்கே வந்து உண்டார். சுற்றுலா ஏடுகள் அத்தகைய மேசைகளைப் பற்றி எழுதும்போது தவறாமல் ஆளும் சொற்கள் மூன்று: பழமை, விருந்தோம்பல், குடும்பம். "பழைய தென்மாநில விருந்தோம்பல் இதோ பாரீர்! அயலாரையும் குடும்பமாக்கும் அற்புதம் காணீர்!" என்ற பாணியில் பாராட்டுரைகள் பாய்ந்து வருகின்றன.

நாம் கேட்பது இதுதான்: எந்தப் பழமை? யாருக்கு விருந்தோம்பல்? எவரை விட்டுவிட்டுக் குடும்பம்?

முதலில் மேசையின் பிறப்பைப் பார்ப்போம். அன்பு பொங்கி வழிந்ததால் பிறந்த மேசையன்று அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அமெரிக்க நகரங்களில் உணவோடு கூடிய விடுதிவீடுகள் மிகுதி. இரயில்வேப் பணியாளர், கடைச் சிப்பந்திகள், ஊர் ஊராய்ச் சரக்கு விற்போர், மணமாகாத ஆசிரியைகள் ஆகியோர் வாரக் கூலியில் அறை எடுத்துத் தங்கினர். வீட்டை நடத்தியவர்களுள் பலர் பெண்கள். அவர்களுள் கைம்பெண்களும் இருந்தனர். தனித்தனியே ஆக்கிப் படைக்க ஆளுமில்லை, பொருளுமில்லை. ஆகவே ஒரே உலை, ஒரே வேளை, ஒரே மேசை. எட்டி எடுத்தவனுக்குக் கோழித்துண்டு, ஏமாந்தவனுக்கு எலும்பு! சிக்கனம் பெற்ற பிள்ளை அது. பின்னாளில் சிறப்பு என்று பெயர் சூட்டினார்கள். அதில் இழுக்கொன்றுமில்லை. உழைப்பாளரின் தேவை ஒரு நல்ல வழக்கத்தைப் பெற்றெடுத்தது என்றால் அது பெருமையே.

ஆனால் அந்த மேசையைச் சுற்றி நாற்காலிகள் போடப்பட்ட காலத்தில், நாட்டின் சட்டம் எப்படி இருந்தது? அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் உண்ணும்படி உணவுச்சாலை நடத்தக் கூடாது. நடத்தவேண்டுமானால், தரையிலிருந்து ஏழு அடிக்குக் குறையாத உயரத்துக்குக் கெட்டியான தடுப்பு எழுப்ப வேண்டும். தெருவிலிருந்து தனித்தனி வாயிலும் வைக்க வேண்டும்.

ஏழு அடி! எண்ணிப் பாருங்கள். எழுந்து நின்றாலும் ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியக் கூடாது என்று கணக்கிட்டதைப் போன்ற அளவு. அடுப்பிலிருந்து வரும் மணத்தைத் தடுக்க அந்தச் சுவரால் இயலாது. பேச்சொலியைக்கூட முழுதும் தடுக்க இயலாது. ஒருவன் உண்பதை மற்றவன் காண்பதைத் தடுக்க மட்டும் அது போதும். நூல் எழுதி, விதி வகுத்து, அளவு குறித்து, மனிதனிடமிருந்து மனிதனை மறைத்தது ஒரு நகராட்சி!

இத்தனைக்கும், மறைக்கப்பட்டவர்கள் யார்? அந்த மேசையின் சுவையையே உண்டாக்கியவர்கள். வெண்டை ஆப்பிரிக்கச் செடி. அம்மக்களின் மொழியிலிருந்தே ஆங்கிலத்தில் அதன் பெயரும் வந்தது. தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் அக்கரைக்குப் போனதே. தென்கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலோரச் சதுப்பில் நெல் விளைந்ததென்றால், அதற்குப் பின்னே மேற்கு ஆப்பிரிக்க உழவரின் அறிவு இருந்தது. வெட்டி, அணைகட்டி, நீர் பாய்ச்சிய அடிமைகளின் முதுகெலும்பு இருந்தது. தென்மாநிலச் செல்வர் வீட்டுச் சமையற்கட்டுகளில் நின்று வெந்தவர்களோ பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். விதை அவர்களுடையது, விளைச்சல் அவர்களுடையது, கைப்பக்குவம் அவர்களுடையது. இருக்கை மட்டும் பிறருடையது!

இந்தக் கொடுமையின் நுட்பத்தை லாங்ஸ்டன் ஹியூஸ் என்னும் கறுப்பினக் கவிஞர் கண்டுபிடித்தார். 1926இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுதியில் 'நானும்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு பாட்டு உண்டு. விருந்தினர் வந்தால் சமையற்கட்டில் உண்ணுமாறு அனுப்பப்படுகிற ஒருவன் அதில் பேசுகிறான். பட்டினி கிடப்பதாக அவன் சொல்லவில்லை. உண்கிறான், உரம் பெறுகிறான், நாளை மேசைக்கு வருவேன் என்று உறுதி கூறுகிறான். மறுக்கப்பட்டது சோறன்று, இருக்கை! கவிஞரின் கூர்மை இதோடு நிற்கவில்லை. அனுப்பப்படுகிறவன் தன்னை அந்த வீட்டின் உடன்பிறப்பு என்றே சொல்லிக்கொள்கிறான். அவனை அந்நியன் என்று சொல்லித் தள்ளியிருந்தால்கூட அதில் ஒரு நேர்மை இருந்திருக்கும். வீட்டுக்குள்ளேயே வைத்து, வேலை வாங்கி, விருந்தின்போது மட்டும் மறைத்தார்கள்.

இங்கேதான் 'குடும்பம்' என்ற சொல்லை நாம் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. தோட்ட முதலாளிகள் தம் அடிமைகளைக் குறித்தே, 'வெள்ளையும் கறுப்புமான என் குடும்பம்' என்று எழுதி வந்தவர்கள். விலைக்கு வாங்கியவனை மகன் என்றழைத்து, விலைக்கு விற்கவும் செய்த குடும்பம் அது! சொல் இனியது, சொல்லுக்குள் இருந்ததோ சங்கிலி. ஆகவே, அயலாரை ஒரு மேசையில் அமர்த்தி, 'இது குடும்பம்' என்று எவரேனும் சொன்னால், மகிழ்வதற்கு முன்னே ஒரு வினா எழுப்புவது குற்றமாகாது: இந்தக் குடும்பத்தில் எழுந்து போகச் சொல்லப்படுபவர் எவருமுண்டா?

இருந்தனர். எழுந்து போக மறுத்தபோதுதான் வரலாறு திரும்பிற்று.

1960ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள். வடகரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகரில், உல்வொர்த் கடையின் சிற்றுண்டிப் பகுதியில், நான்கு கறுப்பின மாணவர்கள் போய் அமர்ந்தார்கள். அதே கடையில் பற்பசை முதலிய பொருள் வாங்கினால் காசைப் பெற்றுக்கொண்டு நன்றி கூறுவார்கள். காப்பி கேட்டால் மட்டும் கிடையாது! மாணவர்கள் கல்லெறியவில்லை, கடுஞ்சொல் கூறவில்லை, அமர்ந்தார்கள், அவ்வளவே. மறுநாள் மேலும் பலர் வந்தனர். வாரக்கணக்கில், திங்கள் கணக்கில், நகரம் நகரமாக அந்த அமர்வு பரவிற்று. சூலை 25இல் கடை பணிந்தது. அன்று அந்த இருக்கைகளில் முதன்முதலாக அமர்ந்து உண்ட கறுப்பினத்தவர் யார் தெரியுமா? அந்தக் கடையிலேயே வேலை பார்த்து வந்த பணியாளர்கள். அடுத்த பக்கம் நின்று பிறருக்கு எடுத்து வைத்தவர்கள், அன்று இந்தப் பக்கம் வந்து அமர்ந்தார்கள். சில அடித் தொலைவுதான். கடக்கப் பல்லாண்டுகள் ஆயின!

சவன்னாவும் வாளாவிருக்கவில்லை. அதே 1960ஆம் ஆண்டு மார்ச்சு 16இல், அந்நகரின் பெருங்கடை ஒன்றின் உணவுப் பகுதியில் அமர்ந்த கறுப்பின மாணவர்கள் சிறைப்படுத்தப்பட்டனர். டபிள்யூ. டபிள்யூ. லா என்னும் தபால்காரர் தலைமையில் நகரத்துக் கறுப்பின மக்கள் கடைத்தெருவைப் புறக்கணித்தனர். ஓராண்டுக்கு மேலாக, 'எம்மை அமரவிடாத கடையில் எம் காசும் அமராது' என்ற உறுதியோடு நின்றனர். முடிவில் 1961ஆம் ஆண்டில் சிற்றுண்டி இருக்கைகள் திறக்கப்பட்டன. பழமையின் அழகுக்காக இன்று பாராட்டப்படும் நகரம், புதுமைக்காகச் சிறை சென்றவர்களின் நகரமும் ஆகும். முதல் சேதியைச் சொல்ல நூறு வழிகாட்டி நூல்கள் உள்ளன. இரண்டாவதைச் சொல்ல அத்தனை பேர் முன்வருவதில்லை.

1964ஆம் ஆண்டு சூலை 2இல் குடியுரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. உணவுச்சாலை, விடுதி, திரையரங்கு ஆகியவற்றில் நிறம் பார்த்து மறுத்தல் நாடு முழுவதும் குற்றமாயிற்று. உடனே பழமைக்குக் காய்ச்சல் கண்டது! அட்லாண்டாவில் உணவுச்சாலை வைத்திருந்த லெஸ்டர் மேடக்ஸ் என்பவர், உண்ண வந்த கறுப்பர்களைக் கைத்துப்பாக்கியோடு விரட்டினார். அவருடன் நின்றவர்கள் கோடரிக் காம்புகளை ஏந்தினர். கறுப்பர்க்கு உணவு படைப்பதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று 1965இல் மூடியும் விட்டார். அவரே 1967இல் ஜார்ஜியாவின் ஆளுநராய் அமர்ந்தார் என்பது, விருந்தோம்பலுக்குப் பேர்போன மாநிலத்தின் வரலாற்றில் எழுதப்பட்ட இன்னொரு வரி.

பர்மிங்காமில் ஒல்லீஸ் பார்பிக்யூ என்ற உணவுச்சாலை வழக்கு மன்றம் ஏறிற்று. உச்சநீதிமன்றத் தீர்ப்பில் அந்தக் கடையின் விவரம் பதிவாகியிருக்கிறது. இருக்கைகள் 220. பணியாளர் 36 பேர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் கறுப்பர். குடும்பங்களும் அலுவலகப் பணியாளரும் வந்து உண்ணும் இடம். கறுப்பர்க்கோ வாங்கிக்கொண்டு போகும் வசதி மட்டும் உண்டு! ஒரு திறனாய்வாளன் பத்துப் பக்கம் எழுதிச் சொல்லக்கூடியதை இந்த நான்கு வரி சொல்லிவிடுகிறது. ஆக்கலாம், அடுக்கலாம், துடைக்கலாம், விலைகொடுத்து வாங்கலாம். 220 இருக்கைகளில் ஒன்றில்கூட அமரக்கூடாது. 'குடும்பத்தார் வரும் கடை' என்ற சொல்லின் பொருள் அங்கே இதுதான். 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாய்ச் சட்டத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். கடை வாங்கிய இறைச்சி வெளிமாநிலத்திலிருந்து வந்தது. ஆகவே மாநிலங்களுக்கிடையே நடக்கும் வாணிகத்தில் கடைக்குப் பங்குண்டு. ஆகவே மைய அரசின் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தும் என்பது அவர்கள் காட்டிய காரணம். மனிதனுக்குக் கதவைத் திறக்க மாட்டுக்கறி வழிகாட்ட வேண்டியிருந்தது! வழி எதுவாயினும், கதவு திறந்தது.

இப்போது நம் தலைப்புக்கு வருவோம். மேசை பழையது, மறுக்கவில்லை. பந்தியோ புதியது. நிறம் பாராமல் வரிசைப்படி பத்துப் பேர் அமரும் அந்தக் காட்சி, தென்மாநிலங்கள் முழுவதற்கும் பொதுவாக, 1964க்குப் பின் வந்தது. தொன்மையின் கொடை என்று அதைப் புகழ்வோர், கொடுத்தவரை விட்டுக் குறுக்கே நின்றவரைப் புகழ்கிறார்கள். பழமை தானாகக் கனிந்து இந்த இருக்கையைத் தரவில்லை. மாணவர் சிறை சென்றனர், தபால்காரர் தெருவில் நின்றார், மக்கள் காசை மடியிலேயே முடிந்து வைத்தனர், சட்டம் வந்தது. அதன்பின் வந்தது இந்தப் பந்தி.

ஜார்ஜியாவின் மைந்தரான மார்ட்டின் லூதர் கிங், 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 28இல் வாஷிங்டனில் ஆற்றிய உரையில், அடிமைகளின் வழிவந்தோரும் அடிமைகளை ஆண்டோரின் வழிவந்தோரும் தம் மாநிலத்தில் ஒரு மேசையில் அமரும் நாளைக் கனவாக எடுத்துரைத்தார். விடுதலைக்கு உருவகம் தேடியவர் கொடியையோ கோட்டையையோ எடுக்காமல், மேசையை எடுத்தாரே, ஏன்? உடன் உண்ணல் என்பதே சமத்துவத்தின் உரைகல் என்று அறிந்ததால்! அது நமக்குப் புரியாத மொழியன்று. பந்தியில் தள்ளி வைத்த கதை நம்மிடமும் உண்டு. கிங் 1959இல் இந்தியாவுக்கு வந்தபோது, திருவனந்தபுரத்தில், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்குச் சென்றார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீண்டாதார் என்று மாணவர்க்கு அறிமுகம் செய்தாராம். முதலில் அதிர்ச்சியும் சினமும் கொண்டதாகவும், எண்ணிப் பார்த்தபோது அது மெய்யே என்று உணர்ந்ததாகவும் கிங் பின்னாளில் சொன்னார். கடல் கடந்த இரு கொடுமைகளை ஒரு பள்ளியாசிரியர் ஒரே சொல்லால் இணைத்துக் காட்டிவிட்டார்!

இவ்வளவும் சொன்னதால், அந்த மேசையை நாம் வெறுக்கிறோம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். மாறாக, புகழ்வோர் அதன் உண்மையான பெருமையைக் காணவில்லையே என்பதே நம் குறை.

சிற்றுண்டிக் கடையின் முக்காலியில் அமர்பவர் சுவரைப் பார்த்து உண்கிறார். பக்கத்தில் யார் என்று பாராமலே எழுந்து போகலாம். அமரும் உரிமை பெரிது. அதற்காகவே இளைஞர்கள் சிறை சென்றார்கள். ஆனால், உரிமைக்கு அடுத்த படி ஒன்று உண்டு. பொது மேசையில் கீரைக் கிண்ணம் வேண்டுமென்றால் எதிரே இருப்பவரைக் கேட்டாக வேண்டும். அவர் கையால் கொடுக்க வேண்டும்; இவர் கையால் வாங்க வேண்டும். கடைசிக் கோழித்துண்டை எடுக்குமுன், வேறு யாருக்கேனும் வேண்டுமா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். சட்டத்தால் கதவைத் திறக்க முடியும்; கிண்ணத்தை நீட்ட வைக்க முடியாது. அந்தச் சிறிய வேலையை இந்த மேசை, அறிவுரை இன்றி, அரட்டல் இன்றி, பசியைக் கொண்டே செய்துவிடுகிறது.

மிசிசிப்பி மாநிலத்தின் சில உணவுச்சாலைகளில் வட்ட மேசையின் நடுவே சுழலும் தட்டொன்று இருக்கும். கிண்ணங்கள் அதன்மேல் சுற்றி வரும். வேண்டியது வரும்வரை காத்திருந்து எடுத்துக்கொள்ளலாம். அழகிய ஏற்பாடுதான். ஆனால் கைக்குக் கை மாறும் கிண்ணத்துக்கே நம் வாக்கு! சக்கரத்துக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லியாக வேண்டும்.

அதே வேளையில், இந்தப் பந்தியின் எல்லையையும் மறைக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும் குடும்பம் இது. விலை கொடுக்க முடிந்தவரே வரிசையில் நிற்கிறார். அவருள்ளும் பெரும் பகுதியினர் ஊர் பார்க்க வந்தவர். எழுந்து போனபின் அவரவர் வாழும் தெருவும், பிள்ளைகள் பயிலும் பள்ளியும், ஞாயிறன்று தொழும் கோயிலும் பல இடங்களில் இன்னும் நிறப்படியே பிரிந்து கிடக்கின்றன. ஒரு வேளைச் சோற்றை உடன் உண்டு, பல நூற்றாண்டுக் கடனைத் தீர்த்துவிட்டதாய் ஏப்பம் விடுவது எளிது. மேசை அதற்குத் துணைபோகுமாயின், பழைய 'குடும்பம்' புதிய உடையில் வந்ததாகவே ஆகும்.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன அந்தத் தட்டிடம் வருவோம். உண்டவர் தம் தட்டைத் தாமே எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குச் செல்கிறார். சிறு செயல், விளையாட்டாகவும் சிலர் செய்யக்கூடும். எச்சிலை எடுப்பவன் தாழ்ந்தவன், எழுந்து போகிறவன் உயர்ந்தவன் என்று பிரித்த உலகத்தைப் பார்த்த நமக்கு அது சிறு செயலாகப் படவில்லை. ஹியூசின் பாட்டில் வரும் உடன்பிறப்பு எந்த அறைக்குள் அனுப்பப்பட்டானோ, அந்த அறைக்குள் இன்று விருந்தினர் தாமே நடந்து போகிறார். அடுப்பின் அனல் முகத்தில் படுகிறது. ஆக்கியவர் யார், கழுவுகிறவர் யார் என்பதைக் கண்ணால் காண்கிறார். ஏழு அடிச் சுவர் எதை மறைக்க எழுந்ததோ, அது அங்கே அவர் எதிரே நிற்கிறது.

அந்தக் கணத்தில், கழுவும் தொட்டியருகே நிற்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, அவருக்குரிய கூலியும் மதிப்பும் இருக்கையும் கிடைத்திருக்கின்றனவா என்று ஒருமுறை எண்ணுவாராயின், உண்ட உணவு செரித்தது என்போம். தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவாராயின், அவர் இன்னும் மேசைக்கு வந்து சேரவில்லை.